மெட்ஃபார்மினா, லெட்ரோசோலா, இரண்டுமா? நீர்க்கட்டி உள்ளவர்கள் குழந்தைக்காக எடுக்க வேண்டிய முடிவு

மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று மெட்ஃபார்மின். அட்டையைப் பார்த்ததும் மாமியாரோ நாத்தனாரோ கேட்பது ஒரே கேள்விதான்: "இது சுகர் மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கு?" இன்னொன்று லெட்ரோசோல். கைபேசியில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வரும். குழந்தைக்காக டாக்டரைப் பார்க்கப் போன பெண்ணின் கையில், தனக்கு இல்லாத இரண்டு நோய்களுக்கான மருந்துகள். பயந்துபோய் இரண்டையும் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. புற்றுநோய் மாத்திரை வேண்டாம், சுகர் மாத்திரை லேசானது, அது மட்டும் போதும் என்று ஒரு வருடம், ஒன்றரை வருடம் காத்திருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது தவறுதான் வயதையும் காலத்தையும் அதிகமாகத் தின்கிறது.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் முட்டையை வெளியே கொண்டுவரும் வேலையில் அது துணைக்கு நிற்கும் மருந்து. முன்னால் நிற்க வேண்டியது, பெரும்பாலான பெண்களுக்கு, லெட்ரோசோல்தான். எந்தப் பெண்ணுக்கு எது, எத்தனை மாதத்துக்கு, எதைப் பார்த்து அடுத்த படிக்குப் போவது என்பதைக் கீழே பார்க்கலாம்.

சுகர் இல்லாதவருக்குச் சுகர் மாத்திரை ஏன்

டாக்டர்கள் பிசிஓஎஸ் என்பதை நாம் 'நீர்க்கட்டி' என்கிறோம். அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஸ்கேனில் சினைப்பையின் ஓரமாக முத்துமாலை போலத் தெரிபவை கட்டிகள் அல்ல. முட்டை வளர வேண்டிய ஃபாலிக்கிள்கள், 2 முதல் 9 மி.மீ. அளவிலேயே வளர்ச்சி நின்றுபோனவை. கரைக்கவோ அறுத்து எடுக்கவோ அங்கே எதுவும் இல்லை. அவற்றில் ஒன்றை 18 மி.மீ. தாண்டி வளர வைத்து வெடிக்க வைப்பதுதான் சிகிச்சை.

வளர்ச்சி ஏன் நிற்கிறது? இந்தப் பெண்களில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் ரத்தத்தில் சர்க்கரை நார்மலாகவே இருக்கும், இன்சுலின் மட்டும் உயர்ந்திருக்கும். அந்த இன்சுலின், மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் எல்ஹெச் ஹார்மோனோடு சேர்ந்து, சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகம் தயாரிக்கத் தூண்டுகிறது. அந்த ஆண் ஹார்மோனை ரத்தத்தில் கட்டிவைக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தை ஈரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. இரண்டு பக்கமும் அடி. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய், வளராத ஃபாலிக்கிள் எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து வருபவை.

கழுத்தின் பின்புறம் கருத்து, தோல் வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறதா? எத்தனை தேய்த்தாலும் போகாத அந்தக் கருப்பு அழுக்கல்ல. உயர்ந்த இன்சுலின் தோலில் விட்ட கையெழுத்து. மெட்ஃபார்மின் யாருக்கு அதிகம் உதவக்கூடும் என்பதற்கு, செலவில்லாமல் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய அடையாளம் அது.

மெட்ஃபார்மின் ஈரல் வெளியே விடும் சர்க்கரையைக் குறைக்கிறது; இன்சுலினின் தேவை இறங்குகிறது; சினைப்பை மீதான அழுத்தம் தளர்கிறது. சர்க்கரை இல்லாதவருக்கு இது தனியாகச் சர்க்கரையைக் கீழே இழுத்து மயக்கம் போட வைக்காது. "சுகர் இல்லாமல் சாப்பிட்டால் சுகர் வந்துவிடும்" என்பதும் வெறும் பயம்தான்.

எதிர்பார்ப்பு எப்படி எழுந்து எப்படி அடங்கியது

பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்த முதல் ஆய்வு 1994இல் வெனிசுலாவிலிருந்து வந்தது. 1998இல் உடல் பருமனான 61 பெண்களிடம் நடந்த ஆய்வில், தினம் 500 மி.கி. வீதம் மூன்று வேளை மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஐந்து வாரத்துக்குள் தானாகவே முட்டை வெளிவந்தது; மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம்தான். முட்டை வராதவர்களுக்கு, முட்டையை வளர்க்கும் பழைய மாத்திரையான க்ளோமிஃபீனைச் சேர்த்துக் கொடுத்தபோது மெட்ஃபார்மின் பக்கம் 90 சதவீதம், மற்ற பக்கம் 8 சதவீதம். உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவர்கள் மெட்ஃபார்மின் எழுதத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

ஆனால் அது சிறிய ஆய்வு; அளந்தது முட்டை வந்ததா என்பதை, குழந்தை பிறந்ததா என்பதை அல்ல. 2007இல் அமெரிக்காவில் 626 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஆறு சுழற்சி வரை சிகிச்சை கொடுத்து, உயிருடன் பிறந்த குழந்தைகளை எண்ணினார்கள். க்ளோமிஃபீன் மட்டும்: 22.5 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும், தினம் 2000 மி.கி.: 7.2 சதவீதம். இரண்டும் சேர்ந்து: 26.8 சதவீதம். சேர்த்ததால் கூடிய அந்த நாலு சதவீதம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். ஒரே ஒரு விஷயத்தில் மெட்ஃபார்மின் முந்தியது: அதில் கருவுற்றவர் யாருக்கும் இரட்டைக் கரு உண்டாகவில்லை, க்ளோமிஃபீனில் கருவுற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குப் பல கருக்கள்.

2014இல் அதே நாட்டில் 750 பெண்களிடம் ஐந்து சுழற்சி வரை லெட்ரோசோலையும் க்ளோமிஃபீனையும் மோதவிட்டார்கள். குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், க்ளோமிஃபீனில் 19.1. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 30க்கு மேலே போகப் போக இந்த இடைவெளி இன்னும் விரிந்தது. சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2018லும் 2023லும் லெட்ரோசோலை முதல் மருந்தாக வைத்ததற்கு இதுதான் அடிப்படை.

இந்த எண்களை நம் ஊர்ப் பெண்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். அந்த இரண்டு அமெரிக்க ஆய்விலும் சராசரி பிஎம்ஐ 35 அளவில் இருந்தது. தெற்காசியர்களுக்கு உடல் மெலிந்திருக்கும்போதே இன்சுலின் எதிர்ப்பு வந்துவிடுகிறது. நமக்கு அதிக எடை என்பது பிஎம்ஐ 23லும், பருமன் என்பது 25லும் தொடங்குகிறது. "நான் குண்டாக இல்லையே, எனக்கு எப்படி?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். சதவீதங்கள் மாறலாம். எது முதலில், எது துணை என்ற வரிசை மாற வேண்டிய காரணம் இல்லை.

லெட்ரோசோல்: புற்றுநோய் மாத்திரை என்ற பயம்

லெட்ரோசோல் உடலில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உருவாவதைச் சில நாள் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததைக் கண்ட மூளை, ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை அதிகம் அனுப்புகிறது. நின்றுபோன ஃபாலிக்கிள்களில் ஒன்று வளர ஆரம்பிக்கிறது. புற்றுநோயாளிகள் வருடக்கணக்கில் தினமும் எடுப்பதை இங்கே மாதத்துக்கு ஐந்தே நாள் எடுக்கிறோம். உடலை விட்டு அது சீக்கிரம் வெளியேறிவிடும். கரு வந்து பதியும் நேரத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்தியாவில் 2011 அக்டோபரில் குழந்தையின்மைக்கு இதைப் பயன்படுத்தத் தடை வந்தது. பிறவிக் குறை வரலாம் என்று 2005இல் ஒரு மாநாட்டில் எழுந்த ஐயமே அந்தப் பயத்தின் ஆரம்பம். 2006இல் கனடாவில் 911 குழந்தைகளை ஒப்பிட்டபோது பிறவிக் குறை லெட்ரோசோலில் 2.4 சதவீதம், க்ளோமிஃபீனில் 4.8 சதவீதம் என்றே இருந்தது. 2017இல் தடை நீங்கியது. பழைய செய்தி இன்னும் இணையத்தில் சுற்றுவதால் பலர் இன்றும் பயப்படுகிறார்கள்.

எடுக்கும் முறை இது. மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் ஸ்கேன். முந்தைய சுழற்சியின் பெரிய பை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே 2.5 மி.கி. தொடக்கம், ஐந்து நாள். 10ஆம் நாள் வாக்கில் ஃபாலிக்குலர் ஸ்டடி, அதாவது ஃபாலிக்கிள் வளர்வதை அளக்கும் தொடர் ஸ்கேன், தொடங்கும். ஒரு ஃபாலிக்கிள் 18 முதல் 20 மி.மீ.க்கு வந்து, கருப்பை உள்சவ்வு 7 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால், தானாக வெடிக்க விடலாம். அல்லது ஹெச்சிஜி ஊசி போடலாம். மக்கள் 'முட்டை வெடிக்கிற ஊசி' என்பது இதைத்தான். ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் வெடிக்கும். அன்றும் மறுநாளும் சேர்ந்திருக்க வேண்டும். முட்டை வளரவில்லையென்றால் அடுத்த சுழற்சியில் 5 மி.கி., அதற்கடுத்து 7.5 மி.கி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஃபாலிக்கிள்கள் ஒன்றாகப் பெருத்துவிட்டால் அந்த மாதம் ஊசியும் வேண்டாம், சேர்க்கையும் வேண்டாம். ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று கருவைச் சுமப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

2ஆம் நாள் என்று நினைப்பது உண்மையில் மாதவிடாய்தானா? வழக்கத்தைவிடக் குறைவாகக் கறை மட்டும் பட்டிருந்தால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் லெட்ரோசோல். ஏற்கெனவே கரு தங்கியிருக்கும்போது எடுக்கக் கூடாத மருந்து இது.

முட்டை வெளிவரும் நாளை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் எல்ஹெச் பட்டைகளை பிசிஓஎஸ் உள்ளவர்கள் நம்ப வேண்டாம். பலருக்கு எல்ஹெச் எப்போதும் உயர்ந்தே இருப்பதால் பட்டை பல நாட்கள் இரட்டைக்கோடு காட்டும்.

க்ளோமிஃபீன் பற்றிச் சுருக்கமாக: 50 மி.கி. ஐந்து நாள், தேவைப்பட்டால் 100, உச்சம் 150. பல நாட்கள் உடலில் தங்குவதால் கருப்பை உள்சவ்வு சிலருக்கு மெலிந்துபோகும். முட்டை வெடித்தும் கரு பதியாது. பார்வையில் மங்கலோ மின்னலோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். லெட்ரோசோல் கிடைக்கிற இடத்தில் க்ளோமிஃபீனை முதலில் எடுக்கக் காரணம் அதிகம் இல்லை.

மெட்ஃபார்மினைத் தொடங்கும் விதம்

"எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேதியாகிறது" என்று மெட்ஃபார்மினைக் கைவிடுபவர்களில் பலர் முதல் நாளிலிருந்தே முழு அளவை எடுத்தவர்கள். குடலுக்குப் பழக நேரம் வேண்டும்.

முதல் வாரம் 500 மி.கி. மாத்திரை ஒன்று, இரவு மட்டும், சாப்பாட்டின் நடுவில் அல்லது முடித்த கையோடு. வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டாம் வாரம் காலைச் சாப்பாட்டோடு இன்னொன்று. இப்படி ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 ஏற்றி, 1500 அல்லது 2000 மி.கி.யில் நிறுத்த வேண்டும். ஏற்றிய வாரத்தில் வயிறு கலக்கினால், முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு வாரம் இருந்துவிட்டு மீண்டும் ஏறிப்பார்க்கலாம். தினம் 500 மி.கி.யிலேயே ஆறு மாதம் ஓட்டிவிட்டு "பலன் இல்லை" என்பது மருந்தை முயன்று பார்த்ததாகாது.

வயிறு தாங்காதவர்களுக்கு மெதுவாகக் கரையும் வகை உண்டு. அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் அல்லது ஈஆர் என்று இருக்கும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. சில நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வெளியே வந்தது போல ஒரு கூடு தெரியும். அது மருந்தை விட்டுவிட்டு வந்த வெறும் உறை. மருந்து உள்ளே போய்விட்டது. பயந்து இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டாம்.

மருந்துக்கடையில் ஒரு கண் வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கான கூட்டு மாத்திரைகள் நம் ஊரில் ஏராளம். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்தவை பெயரில் ஓரெழுத்து, ஓரெண் வித்தியாசத்தில்தான் இருக்கும். கிளிமிபிரைடு சர்க்கரையை உண்மையிலேயே தள்ளிவிடும். சர்க்கரை நோய் இல்லாத பெண்ணுக்கு வியர்வை, நடுக்கம், மயக்கம் எல்லாம் வரும். அட்டையைத் திருப்பி, உள்ளடக்கத்தில் மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு மட்டும்தான் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். அப்பாவுக்கோ அத்தைக்கோ வாங்கிய அட்டையிலிருந்து எடுத்துப் போடுவதும் இதே காரணத்தால் கூடாது.

தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் ஒரு முறை பார்க்க வேண்டும். அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழே இருந்தால் மெட்ஃபார்மின் கூடவே கூடாது. 45க்குக் கீழே என்றால் புதிதாகத் தொடங்குவதில்லை. இந்த வயதுப் பெண்களில் இது அரிது. கடும் வாந்தி, பேதி, காய்ச்சலோடு நீர்ச்சத்து வற்றும் நாட்களில் சில நாள் நிறுத்திவைக்க வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையும். அசைவம் சாப்பிடாதவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அளவு பார்ப்பது நல்லது. குழந்தைக்காக ஃபோலிக் அமிலமும் சேர்த்து எடுப்பீர்கள். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். கால் மரத்துப்போவது மட்டும் தொடரும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

அதிகமானோர் ஏமாறும் இடம் இது. மாதவிடாய் வந்துவிட்டால் முட்டை வந்துவிட்டதாக நினைக்கிறோம். பீரியட்ஸ் வரவழைக்க ஐந்து முதல் பத்து நாள் கொடுக்கும் புரோஜெஸ்டோஜன் மாத்திரை ரத்தப்போக்கை மட்டுமே கொண்டுவரும், முட்டையை அல்ல. மெட்ஃபார்மினில் மாதவிடாய் ஒழுங்கானாலும் சில மாதங்களில் முட்டை வெளிவராமலே போகலாம்.

முட்டை வந்ததைச் சொல்வது ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுத்தால், மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது. '21ஆம் நாள் டெஸ்ட்' என்பது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும். உங்கள் சுழற்சி 38 நாள் என்றால் 31ஆம் நாள்தான் சரி. 21ஆம் நாளே எடுத்து, குறைவு என்று படித்து, வந்த முட்டையை வரவில்லை என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மெட்ஃபார்மின் முழு அளவுக்கு வந்த பிறகு மூன்று மாதம். அதற்குள் புரோஜெஸ்டிரோன் ஒரு முறையாவது முட்டை வந்ததைக் காட்டவில்லையென்றால், மெட்ஃபார்மினை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கக் காரணம் இல்லை. லெட்ரோசோலைச் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன்பே கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிவிட்டுக் கொடுக்கும் ஒரே ஒரு சாம்பிள். இதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது எந்த ஊரிலும் நியாயமில்லை. பழைய அறுவை சிகிச்சை, வயிற்றில் காசநோய், தொற்று என்று எதுவும் இருந்திருந்தால் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற ஹெச்எஸ்ஜி சோதனையையும் தள்ளிப்போட வேண்டாம்.

வெறும் வயிற்று இன்சுலின், அதை வைத்து இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா கணக்கு என்று பணம் கட்டச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் அந்த எண் மருந்தைத் தீர்மானிக்க அதிகம் உதவாது. அதைவிட 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை பல மடங்கு பயனுள்ளது. அது ஏறியிருந்தால் மெட்ஃபார்மினுக்குக் காரணம் கையில் கிடைத்துவிடும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருப்பதும் தெரிந்துவிடும்.

மெட்ஃபார்மின் உண்மையில் எங்கே பொருந்துகிறது

பிஎம்ஐ அதிகமாகவும், கழுத்துக் கருப்போடும், குளுக்கோஸ் சோதனையில் எல்லைக்கோட்டிலும் இருப்பவர்தான் முதல் ஆள். ஃபின்லாந்தில் 320 பெண்களில் ஒரு பாதிப்பேருக்கு மூன்று மாதம் முன்கூட்டியே மெட்ஃபார்மின் கொடுத்து, பிறகு தேவைப்பட்ட சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தை பெற்றவர்கள் 41.9 சதவீதம்; வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 28.8. லாபம் தெளிவாகத் தெரிந்தது பருமனான பெண்களிடம். மெட்ஃபார்மினை லெட்ரோசோலுக்கு முன் மூன்று மாதம் தொடங்கி, எடையில் 5 சதவீதம் குறைக்கும் முயற்சியோடு சேர்ப்பதற்கு இதுவே நல்ல ஆதாரம். 70 கிலோ பெண்ணுக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோ. எட்ட முடியாத அளவல்ல.

இரண்டாமவர், ஃபாலிக்குலர் ஸ்டடிக்கு மாதம் நாலைந்து முறை வந்துபோக முடியாதவர். ஸ்கேன் சென்டர் இரண்டு மணி நேரத் தூரத்தில், கூலி வேலைக்கு லீவு போட முடியாது என்ற நிலையில், 28 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை மெட்ஃபார்மின் மட்டும் என்பது ஏற்கக்கூடிய தொடக்கம். இரட்டைக் கருவின் பயம் இல்லை, ஸ்கேன் கட்டாயமில்லை, மாத்திரை மலிவு. வாய்ப்பும் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

மூன்றாமவர், க்ளோமிஃபீன் 150 மி.கி. வரை ஏற்றியும் முட்டை வராதவர். மெட்ஃபார்மின் சேர்த்தால் சிலருக்குத் திறந்துகொள்ளும். இங்கேயும் க்ளோமிஃபீனை விட்டு லெட்ரோசோலுக்கு மாறுவது முதலில் யோசிக்க வேண்டியது. அதற்கும் அசையாவிட்டால் குறைந்த அளவு எஃப்எஸ்ஹெச் ஊசி. அல்லது லேப்ராஸ்கோப்பி வழியாகச் சினைப்பையில் நாலு இடத்தில் சூடு வைக்கும் டிரில்லிங்.

நான்காவது இடம் ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை முறை. பிசிஓஎஸ் சினைப்பைகள் ஊசிக்கு அளவுக்கு மீறித் துள்ளும். வயிறு வீங்கி நீர் சேரும் ஓஹெச்எஸ்எஸ் ஆபத்து அவர்களுக்கே அதிகம். லாங் புரோட்டோகால் என்ற பழைய ஊசி முறையில் மெட்ஃபார்மின் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. இன்று பெரும்பாலும் பயன்படும் ஆன்டகோனிஸ்ட் முறையில் அப்படித் தெளிவான லாபம் காணவில்லை. எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

வயது 35ஐத் தாண்டியவருக்கு மெட்ஃபார்மினை மட்டும் முயன்று பார்க்கும் மாதங்கள் கிடையாது. காரணம் இருந்தால் லெட்ரோசோலோடு அன்றே சேர்த்துத் தொடங்கலாம்; லெட்ரோசோலுக்கு முன் காத்திருக்க வேண்டாம்.

மற்ற சர்க்கரை மருந்துகள்

பயோகிளிட்டசோன் இன்சுலினைக் குறைக்கும், முட்டையையும் வரவைக்கும். கூடவே எடையை ஏற்றும். கர்ப்பத்தில் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை. அதே குடும்பத்தின் மூத்த மருந்தான டிரோகிளிட்டசோன் பிசிஓஎஸ்ஸில் நல்ல பலன் காட்டியது. ஈரலைக் கெடுத்ததால் 2000இல் சந்தையை விட்டே போனது. குழந்தைக்காக முயலும் பெண்ணுக்கு இந்தக் குடும்பம் வேண்டாம்.

எடை குறைக்கும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு ஊசிகள்தான் இப்போது அதிகம் கேட்கப்படுபவை. எடை குறைவதில் மெட்ஃபார்மின் இவற்றுக்குப் பக்கத்திலேயே வர முடியாது. எடை இறங்கும்போது நின்றிருந்த முட்டையும் வரத் தொடங்கும். அங்கேதான் சிக்கல். "எனக்குத்தான் கரு தங்காதே" என்று கருத்தடை இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர், ஊசி உடலில் இருக்கும்போதே கருவுற்றுவிடுகிறார். செமாகுளூட்டைடைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பும், டிர்செபடைடை ஒரு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். தொடங்கிய நாலு வாரமும், அளவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் நாலு வாரமும் ஆணுறை வேண்டும். பிஎம்ஐ 35க்கு மேல், வயது 30க்குள், முயற்சியை எட்டு பத்து மாதம் தள்ளிவைக்க மனமிருந்தால் யோசிக்கலாம். வயது கடந்தவருக்கு அந்த மாதங்கள் விலை அதிகம். நிறுத்தியதும் எடை திரும்புவதையும் கணக்கில் வையுங்கள்.

இனோசிட்டால் பொடி சர்க்கரை மருந்து அல்ல, ஆனால் அதே வேலைக்காக விற்கப்படுகிறது. மயோ-இனோசிட்டால் 4 கிராம், டி-கைரோ 100 மி.கி. என்ற 40:1 கலவையே வழக்கம். வயிற்றுத் தொல்லை மெட்ஃபார்மினைவிடக் குறைவு. குழந்தை பிறப்பை உயர்த்தும் என்பதற்கு ஆதாரம் போதாது. மாதச் செலவோ மெட்ஃபார்மினைவிடப் பல மடங்கு. மெட்ஃபார்மின் எந்த வகையிலும் தாங்காதவர் எடுக்கலாம். அதற்காக லெட்ரோசோலைத் தள்ளிப்போட வேண்டாம்.

கரு தங்கிய பிறகு மெட்ஃபார்மின்

பரிசோதனைக் கோடு இரண்டாகத் தெரிந்த அன்று எல்லோரும் கேட்பது: நிறுத்தவா, தொடரவா? இத்தனை நாள் எடுத்ததால் குழந்தைக்குக் குறை வருமா என்ற பயம் வேண்டாம். பிறவிக் குறைகளோடு மெட்ஃபார்மினுக்குத் தொடர்பு காணப்படவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பிசிஓஎஸ் மட்டும் உள்ளவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையைத் தடுக்க இது உதவவில்லை. தொடக்கக் கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் உறுதியான சான்று இல்லை. நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்தில் 487 பெண்களிடம், முதல் மூன்று மாதத்திலிருந்து பிரசவம் வரை மாத்திரை கொடுத்து நடந்த ஆய்வில், பிந்தைய கருச்சிதைவும் குறைப்பிரசவமும் சேர்ந்து மெட்ஃபார்மினில் 5 சதவீதம், வெறும் மாத்திரையில் 10 சதவீதம். நார்வேயில் கர்ப்பத்தில் மெட்ஃபார்மின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, நாலு வயதில் எடை சற்றுக் கூடுதலாகவும் இருந்தது. மருந்து தொப்புள்கொடி வழியே குழந்தையையும் அடைகிறது.

ஆகவே முன்பு குறைப்பிரசவமோ பிந்தைய கருச்சிதைவோ நடந்தவர் தொடர்வது பற்றி டாக்டரிடம் பேசலாம். மற்றவர்கள் முதல் ஸ்கேனில் இதயத்துடிப்பு பார்த்த பிறகு டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அல்ல. நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை இந்தப் பெண்களுக்குக் கட்டாயம். கர்ப்பத்துக்கு முன்பு அது செய்யப்படாமல் இருந்திருந்தால், 28 வாரம் வரை காத்திருக்காமல் முதல் வருகையிலேயே செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.